கேட்டு எழுதிய பாதிரியார்

பெங்களூரில் ஆய்வுக்கூட நண்பர்கள் அய்யனார் யாரென்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சீகன்பால்கு நினைவுதான் வருகிறது. மதம் பரப்ப 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர். சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். இந்நாட்டு வழிபாடு பிழையென்பதே அவர் கொள்கை. ஆயினும் கும்பிடுகிறவர்களுக்கே கடிதமெழுதிக் கேட்டு, ஏடுகளையும் படித்து, சிவபெருமான் முதல் பிடாரி வரை 1713-இல் ஜெர்மன் மொழியில் நூலாக்கினார். விஞ்ஞான மாணவனான எனக்கு அந்த முறையே பெரிதாகப் படுகிறது. ஐரோப்பிய மாணவர் படித்த கிரேக்கத் தெய்வங்களுக்குக் கும்பிட ஆளில்லை. இவர் எழுதியதோ மணியோசை ஓயாத கோயில்களைப் பற்றியன்றோ! ஆலே நகரத்துப் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். ஒழிக்கப் போனவர் பரப்புவதா என்று அவருக்குக் கோபம். 1719-இல், 36 வயதில், சீகன்பால்கு தரங்கம்பாடியிலேயே மறைந்தார். நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில்.