கொல்லர் மகன் பேசக் கற்ற கதை



போன வருஷம் செமினாரில் நான் நின்ற நிலை எங்கள் கிளாஸில் எல்லாருக்கும் தெரியும். தலைப்பு டிரான்ஸ்பார்மர். ராத்திரி ரெண்டு மணி வரை மனப்பாடம். மேடை ஏறி வணக்கம் சொன்னதோடு சரி. சாக்பீஸை உருட்டிக்கொண்டு போர்டையே பார்த்து நின்றேன். பின் பெஞ்சில் சிரிப்பு. அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறார். அக்கா பனியன் கம்பெனிக்குப் போய் எனக்கு ஃபீஸ் கட்டுகிறாள். நாலு பேர் முன்னால் பேசுவதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே வருவது என்றுதான் நினைத்திருந்தேன். டிரான்ஸ்பார்மருக்கே அடிப்படை போட்ட மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கையை லைப்ரரியில் எடுத்துப் படித்த பிறகு அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. 1831-ல் அவர் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்ததை நம் பாடப்புத்தகம் சொல்லிவிடுகிறது. அவர் பேசக் கற்ற கதை அதில் இல்லை. ஆகவே அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1791 செப்டம்பர் 22-ல், இன்றைய தெற்கு லண்டனில் உள்ள நியூயிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர்; அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். நம்மில் பலருக்கு ழகரம் வராதது போல, சிறுவன் ஃபாரடேக்கு ரகரம் வராதாம். அண்ணன் ராபர்ட்டை வாபர்ட் என்றுதான் கூப்பிடுவானாம். இதற்கு அடி கொடுக்கப் பிரம்பு வாங்கிவரச் சொல்லி டீச்சர் அந்த அண்ணனிடமே காசு கொடுத்ததாகவும், அவன் காசை விட்டெறிந்துவிட்டு அம்மாவிடம் ஓடியதாகவும், அம்மா ரெண்டு பேரையுமே பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். 14 வயதில், 1805-ல், ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருஷம். பைண்டிங்குக்கு வந்ததையெல்லாம் படித்தார்.

1810-ல் லண்டனில் டேட்டம் என்பவர் தம் வீட்டில் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தினார். ஒரு சொற்பொழிவுக்கு ஒரு ஷில்லிங். தம்பியிடம் ஏது காசு? கொல்லு வேலை பார்த்த அண்ணன் ராபர்ட்தான் கொடுத்தார். இந்த இடம் வந்ததும் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1812-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் பேச்சைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில் அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங். மற்றவர்கள் பேசும்போது சாமான் எடுத்துக் கொடுப்பது வேலை. கண் மட்டும் பேசுகிறவர் மேல்! அந்த ஜூனில் நண்பர் ஆபட்டுக்கு எழுதிய கடிதங்களில், அறைக்குக் காற்று எப்படி வர வேண்டும் என்பது முதற்கொண்டு ஆராய்கிறார். வேகமாகப் பேசக் கூடாது, கேட்கிறவர்களுக்கு முதுகு காட்டக் கூடாது, ஒரு மணி நேரம் போதும், கைதட்டலுக்கு ஏங்கிப் பேசுவது கேவலம் என்று கருதினார். வயது 21. இன்னும் ஒரு சொற்பொழிவுகூடச் செய்தவரில்லை!

முதல் சொற்பொழிவு 1816-ல். 1818-ல் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் படித்தார். ஒரு பாடத்துக்கு அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். வேலையில் சேர்ந்தபோது வாங்கிய வாரச் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி! அந்தப் பாடக் குறிப்புகள் மட்டும் 133 பக்கம். எனக்குப் பிடித்தது வேறொன்று. பேசும்போது வேகம் கூடிவிடும் என்று தெரிந்து, மெதுவாக என்று எழுதிய அட்டையைத் தன் கண்ணெதிரே வைக்கச் சொல்வார். நேரம் முடியப் போகிறது என்பதற்கு இன்னொரு அட்டை. ஊரே புகழ்ந்த பேச்சாளருக்கு அட்டை!

சொல்லிலும் கவனம். எலக்ட்ரோடு, ஆனோடு, கேத்தோடு, அயான் என்று நாம் லேபில் சொல்கிறோமே, 1834-ல் கேம்பிரிட்ஜின் ஹ்யூவெல் போன்ற படித்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை அவை.

1827 முதல் 1860 வரை சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 முறை நடத்தினார். அதில் ஒன்று வெறும் மெழுகுவத்தியைப் பற்றியது. எரிகிற திரிக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குழாயை நீட்டி, சுடரின் நடுவில் இருக்கும் மெழுகு ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறு நுனியில் பற்ற வைத்துக் காட்டுவார். சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் அடியில் நீர்த்துளி! நெருப்பிலிருந்து தண்ணீர்! வீட்டுக்கு வீடு இருந்த ஒரு பொருளை வைத்தே ரசாயனம் முழுவதையும் சொல்லி முடித்தார். 1861-ல் அது புத்தகமாக வந்தது. பெரிய வார்த்தை ஒன்றுமில்லாமல், பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போவது போல இருக்கிறது.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

இந்த வருஷமும் எனக்கு அதே டிரான்ஸ்பார்மர்தான். நானே கேட்டு வாங்கினேன். அக்கா பழைய சுவர்க் காலண்டர் அட்டையை வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அதில் மெதுவா என்று கொட்டை எழுத்தில் எழுதியாயிற்று. முதல் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தூக்கிக் காட்ட ரூம்மேட் ஒத்துக்கொண்டான். கூலி ஒரு டீ, ரெண்டு வடை.