வருநூல் நோக்கி வாழ்ந்த பெரியார்

தோற்றுவாய்

புதிய நூலொன்று வெளிவரப் போகின்றது என்னும் செய்தி, அற்புதக் கதைகளில் வேட்கை மிக்க வாசகனுக்குத் திருவிழா நெருங்கிவிட்டது என்னும் செய்தியை ஒப்பது. டோல்கீன் என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய மோதிரக் கதையின் முதலிரண்டு பகுதிகள் 1954-ஆம் ஆண்டில் வெளிவந்தன. மூன்றாம் பகுதியைக் காண வாசகர் 1955-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வரையிற் காத்திருந்தனர். 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வந்த ஹாரி பாட்டர் கதையின் பிற்பகுதிகளைப் பெறுதற்குப் பிள்ளைகள் நள்ளிரவிலே புத்தகக் கடைகளின் வாயிலில் வரிசையாக நின்றதும் உலகறிந்ததே. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையிற் பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளில் வேலை முடித்து வண்டியேறும் இளைஞருள்ளும் அடுத்த பகுதி எப்பொழுது வரும் என்று ஆவலோடு நோக்கியிருப்போர் உளர்.

அத்தகையோர் அறிந்து மகிழ்தற்குரிய வரலாறு ஒன்று நம் தமிழ்நாட்டில் உண்டு. வானிற் பறக்கும் பொறி, வேண்டிய உருவங்கொள்ளும் மந்திரம், எடுக்க எடுக்கக் குறையாத அமுதபாத்திரம் ஆகிய விந்தைகள் நிறைந்த நூல்கள் பல, நூற்றாண்டுகளாகப் பனையேட்டிலே உறங்கிக் கிடந்தன. அவை ஒவ்வொன்றாய் அச்சேறி வருதலைத் தமிழறிஞர் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் எதிர்நோக்கியிருந்தனர். அவ்வெதிர்பார்ப்பை எழுப்பியவரும் நிறைவேற்றியவரும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஆவர்.

இளமையும் கல்வியும்

தஞ்சை நாட்டிலே, கும்பகோணத்தை அடுத்துள்ள உத்தமதானபுரத்தைச் சார்ந்த குடும்பத்தில், 1855-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19-ஆம் நாள் ஐயரவர்கள் பிறந்தார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். வறுமை மிக்க குடும்பமாயினும், மைந்தனுடைய தமிழ் வேட்கையைக் கண்ட தந்தையார், நல்லாசிரியரை நாடி ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். இறுதியாக 1871-ஆம் ஆண்டில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராய்ச் சேரும் பேறு ஐயரவர்களுக்கு வாய்த்தது. 1876-ஆம் ஆண்டில் ஆசிரியர் இறைவனடி சேரும் வரையில் உடனிருந்து, தல புராணங்கள், அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ் நூல்கள் என அக்காலத்தார் போற்றிய பிரபந்தங்களையெல்லாம் பாடங் கேட்டார்கள். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மேலும் பயின்று, 1880-ஆம் ஆண்டில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்திலே கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்தார்கள்.

இத்துணை நூல் கற்றும், தமிழின் பெருநிதி எங்கே கிடக்கின்றது என்பது அவர்களுக்கு அந்நாளில் தெரியாது. அது அவர்களது குறையன்று. அக்காலத்துக் கல்விமுறையே அங்ஙனம் இருந்தது.

ஒரு வினாவின் விளைவு

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயரவர்கள் காணச் சென்றார்கள். முதலியார் அவர்கள் கற்ற நூல்களைப் பற்றி வினவினார். ஐயரவர்கள் நீண்டதொரு பட்டியலைக் கூறியும், முதலியாரது முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டோ என்று அவர் கேட்டார். ஐயரவர்கள் அவற்றைப் படித்திருக்கவில்லை. நூல் கிடைத்தால் படித்துவிடலாம் என்று உறுதியோடு விடையிறுத்தார்கள். முதலியார் தம்மிடமிருந்த சீவக சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அளித்தார்.

அந்நூலின் முதற் பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை, திருமறை மொழிபெயர்ப்பாளராகிய ஹென்றி பௌவர் என்னும் பாதிரியார் 1868-ஆம் ஆண்டிலேயே உரையோடு பதிப்பித்திருந்தார். ஆனால் பதின்மூன்று இலம்பகங்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்ட முழுநூல் அச்சேறவில்லை. முதற் பகுதியைப் படித்துவிட்டுக் கதையின் முடிவு அறியாதிருந்த மாணவரின் நிலையை நினைத்துக்கொள்க!

அக்கதையின் தொடக்கமே ஆவலைத் தூண்டுவது. சச்சந்தன் என்னும் அரசன், கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் ஓர் பொறி செய்விக்கின்றான். அதன் திருகை வலப்புறந் திரித்தால் விண்ணில் எழும். இடப்புறந் திரித்தால் மண்ணில் இறங்கும். அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரசன் மடிய, அம்மயிற்பொறியில் தப்பிய தேவி சுடுகாட்டில் இறங்கி மகனைப் பெறுகின்றாள். அம்மகனே சீவகன். வளர்ந்தபின், இறக்குந் தறுவாயில் இருந்த நாயொன்றிற்கு அவன் மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகி, இனிய குரல் தருவதும், நஞ்சு நீக்குவதும், வேண்டிய உருவம் அளிப்பதுமாகிய மூன்று மந்திரங்களை அவனுக்கு உபதேசிக்கின்றது. மோட்டார் வண்டிகளைப் பொருத்திக் கோக்கும் நம் பகுதி இளைஞர், ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட புலவன் ஒருவன் கருதிய இப்பொறியின் திருகை எண்ணி மகிழாதிரார்.

சிந்தாமணி வெளிவந்த வரலாறு

கதை இனிதாயினும் பதிப்பு எளிதாக இல்லை. நூலிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் சமண சமயச் செய்திகள் மலிந்திருந்தன. சைவச் சூழலில் வளர்ந்த ஐயரவர்களுக்கு அவை விளங்கவில்லை. கும்பகோணத்திலே வாழ்ந்த சமணர்கள் சிந்தாமணியைப் பல மாதம் வாசித்து முடித்து விழாக் கொண்டாடுவதைக் கண்டு, அவர்களிடஞ் சென்று மாணாக்கரைப் போல ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார்கள். சைவர் ஒருவர் சமண நூலை வெளியிடலாமோ என்று குறை கூறியவர்களும் இருந்தனர். அப்பேச்சை ஐயரவர்கள் பொருட்படுத்தவில்லை.

அந்நாளில் வெளியீட்டாளர் முன்பணம் அளிப்பதென்பது இல்லை. வெளிவரவிருக்கும் நூலுக்கு முன்னதாகவே கையொப்பமிட்டுப் பொருளுதவி செய்யும் அன்பர்களை நாடிப் பதிப்பாசிரியரே அலைதல் வேண்டும். தாம் கண்ணாற் காணாத நூலொன்றை நம்பிக் கையொப்பமிட்ட அவ்வன்பரே அக்காலத்து வருநூல் நோக்கிய வாசகர். கல்லூரி விடுமுறைகளிற் சென்னைக்குச் சென்று, தங்கியிருந்து, அச்சுத்தாள்களைத் திருத்தித் திருத்தி வேலையை நடத்தினார்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை மிஷன் கல்லூரியிற் பயின்றவரும், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ் பெற்றவருமாகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, அந்நூலைத் தாமே வெளியிட விரும்பிக் கேட்டார். தாம் தொடங்கிய பணியைத் தாமே முடிக்க வேண்டும் என்னும் உறுதியால் ஐயரவர்கள் இசையவில்லை. இருவரும் தமிழுக்கு உழைத்தவரே. பிள்ளையவர்கள் கலித்தொகையை வெளியிட்ட 1887-ஆம் ஆண்டிலேயே, ஐயரவர்களது சீவக சிந்தாமணியும் நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. அப்பொழுது ஐயரவர்களுக்கு வயது முப்பத்திரண்டு.

ஒரு நூலிலிருந்து மறு நூல்

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தொடர்கதை எழுதுவோன் ஒரு பகுதியின் ஈற்றிலே அடுத்த பகுதிக்கு ஆவலை விதைக்கின்றான். ஐயரவர்களுக்கு அவ்வாவலை விதைத்தவர் பழைய உரையாசிரியர்கள். நச்சினார்க்கினியர் மேற்கோளாகக் காட்டிய அடிகள் பல, பெயர்தானும் அறியாத நூல்களுக்கு உரியனவாக இருந்தன. அவை எந்நூலின, அந்நூல் எங்கே என்னும் தேட்டமே ஐயரவர்களை மடங்களுக்கும் கவிராயர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் ஈர்த்துச் சென்றது. அதன் பயனாகப் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும், ஐங்குறுநூறு 1903-இலும், பதிற்றுப்பத்து 1904-இலும் வெளிவந்தன. பாரிஸ் நகரத்திலிருந்த ஜூலியன் வின்சோன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் ஐயரவர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார்.

மணிமேகலைக்காகப் பௌத்த சமய நுட்பங்களை அறிய வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிற் கேட்டறிதற்குப் பௌத்தர் இல்லாமையால், உடன் பணிபுரிந்த பேராசிரியர் ரங்காசாரியாரின் துணைகொண்டு பயின்றார்கள். மணிமேகலா தெய்வம் தலைவியை வான்வழியே மணிபல்லவத்தீவுக்கு எடுத்துச் செல்வதும், கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி வெளிப்படுவதும், யானைத்தீ என்னும் தீராப் பசியுற்ற காயசண்டிகை அதனால் நோய் தீர்வதும் அந்நூல் கூறும் அற்புதங்கள். அவற்றின் பொருளும் விளங்குமாறு பதிப்பித்தமையாலேயே, அற்புதம் வெறுங் கட்டுக்கதையாய் நில்லாது அறமாய் நின்றது.

கிடைக்காத நூல்கள்

எதிர்நோக்கிய நூலெல்லாம் கைவந்துவிடவில்லை. பாண்டிநாட்டுக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழைய ஏடுகள் உள்ளன என்று கேள்வியுற்றுச் சென்றபொழுது, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டமையை அறிந்து உள்ளம் நொந்தார்கள். ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விடப்பட்ட சுவடிகளும் பல.

அவற்றினும் நெஞ்சை உறுத்துவது வளையாபதியின் செய்தி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலின் ஏட்டுச்சுவடியை, தம் ஆசிரியர் காலத்திலே திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் ஐயரவர்கள் கண்டதுண்டு. பழைய நூல்களின் அருமை புலப்படாத இளமைப் பருவம் அது. பின்னர் அருமையறிந்து தேடியபொழுது அச்சுவடி அங்கில்லை. வேறெங்கும் கிடைக்கவும் இல்லை. உரையாசிரியர் மேற்கோளாலும் பழந்தொகையாலும் எஞ்சிய சில செய்யுட்களே இன்று நமக்கு உள. இனி வரும் என்று எவரும் கூறவியலாத நூல் அது.

இவ்விழப்பை அறிந்தமையாலேயே, குறையாகக் கிடைத்த நூலையும் அவர்கள் கைவிடவில்லை. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை, மதயானையை அடக்கும் கோடபதி யாழையும், இரவெல்லாம் ஓடிக் காதலரைக் காத்த பத்திராபதி என்னும் பிடியையும் உடைய உதயணன் கதை. கிடைத்த ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. ஆயினும் 1924-ஆம் ஆண்டில், தமது அறுபத்தொன்பதாம் வயதில், உள்ள பகுதியைச் செவ்விதாகப் பதிப்பித்தார்கள். முழுமை வாய்க்கும் வரையில் காத்திருப்பின் உள்ளதும் செல்லரித்துப்போம்; ஆய்ந்து தெளியாது விரைந்தாலோ பிழையே நிலைத்துவிடும். இவ்விரண்டு கேட்டிற்கும் நடுவே வழி கண்டதுதான் ஐயரவர்களது வாழ்வு. வாசகர் பல்லாண்டு காத்திருந்தது வீண்காலமன்று. பிழை நீங்குதற்குக் கொடுத்த விலையாகும்.

பிற்காலம்

1903-ஆம் ஆண்டு முதல் 1919 வரையிற் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார்கள். 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தடைந்தன. பரிபாடல் 1918-இலும் குறுந்தொகை 1937-இலும் வெளிவந்தன. சிந்தாமணி வந்த ஆண்டிற்கும் குறுந்தொகை வந்த ஆண்டிற்கும் இடையே சரியாக ஐம்பதாண்டு என்க.

1940-ஆம் ஆண்டு தொடங்கி, ஆனந்த விகடனில் வாரந்தோறும் என் சரித்திரம் என்னும் பெயரால் தம் வரலாற்றை எழுதி வந்தார்கள். பிறர் நூல்களுக்காகத் தமிழரைக் காத்திருக்கச் செய்தவர், முதுமையிலே தம் கதைக்காகவும் வாரந்தோறும் காத்திருக்கச் செய்தார். போர்க்காலமாகிய 1942-இல் சென்னையை விட்டு, நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்திற் சென்று தங்கினார்கள். அங்கே ஏப்ரல் மாதம் 28-ஆம் நாள் இறைவன் திருவடி அடைந்தார்கள். சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றது. அந்நிலையிலேயே 1950-இல் நூலாயிற்று. அவர்கள் தேடிச் சேர்த்த சுவடிகளைப் பேணுதற்கு 1943-ஆம் ஆண்டிற் சென்னையில் அவர்கள் பெயரால் நூல்நிலையம் நிறுவப்பெற்றது.

முடிவுரை

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! அற்புதக் கதையின் அடுத்த பகுதியை நீங்கள் எதிர்நோக்குவது இகழத்தக்கதன்று. அவ்வாவலே ஐயரவர்களை ஏடு தேட ஓட்டியது. ஆயின் ஒன்று நினைவிற் கொள்ளுங்கள். அச்சகத்திலிருந்து வரும் நூல் இன்றில்லையேல் நாளை வரும். கவனிப்பாரற்றுக் கிடக்கும் நூலோ நாளை இராது. உங்கள் ஊரிலும் உறவினர் இல்லத்திலும் பழஞ்சுவடியோ, பழைய கையெழுத்துப் புத்தகமோ பரணில் கிடக்குமாயின், அதனை எடுத்துத் தூசு தட்டி, அறிந்தவரிடங் காட்டுங்கள். தமிழுக்கு இனி வரவேண்டிய புதிய நூல் அதுவாகவும் இருக்கலாம்.