வாவியின் இசை கேட்ட அடிகளார்

மட்டக்களப்பு வாவியிலே, நிலாக் காலத்து இரவுகளில், நீரின் அடியிலிருந்து ஓர் இன்னொலி எழும். தோணியிற் செல்வோர் துடுப்பின் ஒரு நுனியை நீருள் இறக்கி, மறு நுனியைச் செவியிற் பொருத்தி அதனைக் கேட்பர். பாடுமீன் எனப் பெயர்பெற்ற இவ்விசையைச் செந்தமிழ்க் கவிதையில் நிலைபெறச் செய்தவர் விபுலாநந்த அடிகளார்.

மயில்வாகனன் என்னும் பிள்ளைப் பெயருடைய அடிகளார் 1892இல் காரைதீவிலே பிறந்தார். கிழக்கே கடலும் மேற்கே வயலும் சூழ்ந்த ஊர் அது. 1916இல் கொழும்பிலே விஞ்ஞானத் தேர்ச்சிப் பத்திரம் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமானார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். 1924இல் துறவு பூண்டார்.

அளந்தறியும் அறிவு அன்பை வற்றச் செய்யும் என்பாருளர். அடிகளாரின் வாழ்வே அதற்கு மறுப்பாகும். நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு ஆராய்ந்த அவரே, வாவியின் ஒலியில் நீரரமகளிரின் பாடலைக் கேட்டுக் கவி செய்தார். ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பில் விளைந்த அவரது யாழ்நூல், வில்லின் வடிவினதாகிய பண்டை வில்யாழ் முதலாக யாழ் வகைகளை ஆராய்வது. மலை, காடு, வயல், கடற்கரை என நிலந்தோறும் யாழ் வகுத்த முன்னோர், இசையையும் நிலத்தையும் பிரித்தறிந்தாரல்லர்.

இறைவன் உவக்கும் மலர்களைப் பாடியபோது, உள்ளத்தைத் தாமரையாகவும், கூப்பிய கையைக் காந்தளாகவும், விழியை நெய்தலாகவும் கண்டார் அடிகளார். காந்தளைக் கண்டறியாதவன் கூப்பிய கையின் அழகை எங்ஙனம் உணர்வான்?

1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் வாழ்ந்த அடிகளார், 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரிலே யாழ்நூலை அரங்கேற்றினார். யூலை 19இல் கொழும்பிலே மறைந்தார். தாம் வளர்த்த கல்லடி உப்போடைச் சிவாநந்த வித்தியாலய வளவிலே துயில்கின்றார். அம்மலர்ப் பாடலே அங்குக் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

நம் மாணாக்கரோ ஐந்திணைக் கருப்பொருளை அட்டவணையாக மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். வெள்ளவத்தையார்க்கு நெய்தல் கூப்பிடு தொலைவில் உள்ளது. கொட்டாஞ்சேனையார்க்குக் களனி கங்கை அண்மையில் ஓடுகின்றது. ஆசிரியர்காள்! ஒரு மாலைப்பொழுதேனும் அவர்களை அங்கே அழைத்துச் சென்று, பேசாதிருந்து செவிகொடுக்கப் பழக்குவோமாக. கேட்டறிந்த நீரையன்றோ மனம் காக்க விழையும்!