கல்லுக்குச் சாட்சி சொன்ன காமிரா

கோயிலைக் கட்டியவனை வரலாறு போற்றுகிறது. அதைப் பாடியவனை இலக்கியம் போற்றுகிறது. அதைப் படம் பிடித்தவனை நினைப்பவர் சிலரே. அத்தகைய ஒருவர்தாம் லின்னேயஸ் ட்ரைப்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-ஆம் ஆண்டு பிறந்த ட்ரைப், இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாயகம் சென்றவர், அப்போது புதுக்கலையாக இருந்த புகைப்படத்தைக் கற்றுத் திரும்பினார். 1854-இன் இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக் குழுவுடன் போய் அந்நாட்டுக் கட்டடங்களையும் பதிவு செய்தார். 1856-இல் சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக் கலைஞராக அமர்த்தியது.

அக்காலப் புகைப்படம் எளிய வேலையன்று. சிறிய படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறைக்கு வராத காலம் அது. படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, அவ்வளவு பெரிய நெகட்டிவைக் காமிராவுக்குள் வைக்க வேண்டும். ட்ரைப்பின் நெகட்டிவ்கள் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டவை. பெரும்பாலும் மெழுகூட்டிய காகிதத்தால் ஆனவை. காமிராவைச் சற்றே அண்ணாந்து பார்க்க வைத்தாலும் கோபுரம் பின்புறம் சாய்வதுபோல் படத்தில் தோன்றும். ஆதலால் மட்டம் பார்த்து நிறுத்தி, அசையாது காத்திருக்க வேண்டும். காகித நெகட்டிவில் வானம் வெறுமையாகத் தெரிந்தால், வண்ணம் தொட்டு மேகங்களை அவரே தீட்டினார்.

1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு அவர் தமிழகப் பயணத்தைத் தொடங்கினார். ராயக்கோட்டை, திருச்சி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அப்பயணம் நீண்டது. மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் படம் எடுத்தார். பின்னாளில் ஆளுநர் நேப்பியர் காலத்தில் அது பழுதுபார்க்கப்பட்டது. பழுதுபார்ப்பதற்கு முன் அது இருந்த கோலத்தை இன்று நாம் காண்பது அப்படங்களால்தான்.

அவருடைய உழைப்பின் சிகரம் தஞ்சைப் பெரிய கோயிலில் விளைந்தது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க இயலாது. ட்ரைப் சுவரோரமாகக் காமிராவை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றாக இணைத்தார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி! அக்கோயிற் கல்வெட்டுகளை அறிஞர் ஹுல்ஷ் பதிப்பிக்கத் தொடங்கியது 1890-களில்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் எழுத்துகள் படத்தில் பதிந்துவிட்டன.

படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. ஆனால் மறு ஆண்டே புதிய ஆளுநர் ட்ரெவெல்யன், நிதி நெருக்கடியில் அரசுக்கு இது ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதிப் பணியை நிறுத்தினார். 1860-இல் புகைப்படப் பிரிவே மூடப்பட்டது. ட்ரைப் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1902-இல், பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

வீண்செலவு என்று தள்ளப்பட்ட அப்படங்களை இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பேணிக் காக்கின்றன. ஆளுநர் கணக்குப் பார்த்தது ஓராண்டுச் செலவை. ட்ரைப் எண்ணியதோ அழிந்தால் திரும்ப வாராத ஒன்றை. நம் ஊர்ப் பழைய மண்டபத்தைக் கடந்து செல்லும்போது, இவ்விருவருள் யார் கண்ணால் அதைப் பார்க்கிறோம் என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்வோமாக!