திண்ணையில் கற்ற பாடம்

செஞ்சி என்றதும் கோட்டை நினைவுக்கு வரும். குதிரை ஏறிப் போருக்குப் போன தேசிங்கு ராஜன் நினைவுக்கு வருவான். அதே செஞ்சி போன்ற தமிழ்நாட்டு ஊர்களில், கோட்டையைவிட எளிய இடம் ஒன்றும் இருந்தது. அதுதான் திண்ணைப் பள்ளிக்கூடம்.

திண்ணையில் மணலைப் பரப்புவார்கள். பிள்ளைகள் விரலால் எழுதுவார்கள். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வார்கள். வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ பல தரம். ஒருவன் அகரம் எழுதுவான். ஒருவன் எழுத்துக் கூட்டுவான். இன்னொருவன் ஏட்டைத் தடங்கல் இல்லாமல் படிப்பான். இத்தனை பேரையும் ஒரே ஆள் எப்படிக் கவனிப்பது? அதற்காகத்தான் சட்டாம்பிள்ளை இருந்தான். நன்றாகப் படித்த மாணவன், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

இந்தத் திண்ணைப் பாடத்தைக் கப்பல் ஏற்றிச் சீமைக்குக் கொண்டுபோனவர் ஒரு பாதிரியார். அவர் பெயர் ஆண்ட்ரூ பெல்.

முடிதிருத்துபவர் மகன்

பெல் 1753-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. மகன் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு அமெரிக்காவுக்குப் போய், வர்ஜீனியாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1781-இல் ஊர் திரும்பிய அவர், சில ஆண்டுகளில் பாதிரியார் ஆனார்.

1787-இல் கப்பல் ஏறிச் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 34. பட்டாளத்துப் பாதிரியார் வேலை கிடைத்தது. 1789-இல் எழும்பூரில் இருந்த அனாதைப் பள்ளி ஒன்றின் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்து, ஆதரவு இல்லாமல் போன சிறுவர்கள் அங்கே வளர்ந்தார்கள். அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று பெல் சொல்லிவிட்டார்.

எட்டு வயது வாத்தியார்

பள்ளியின் நிலைமை நன்றாக இல்லை. எழுத்து கற்கவே பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஆசிரியர்களுக்கும் அக்கறை இல்லை.

ஒருநாள் பெல் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. இது நடக்காத காரியம் என்றார்கள். பெல் அவர்களோடு வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனைக் கூப்பிட்டார். அவனும் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன்தான். வயது 8. எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார்.

ஆசிரியர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான்!

அதன் பிறகு பள்ளி முழுவதையும் பெல் மாற்றி அமைத்தார். வயதைப் பார்க்காமல், படிக்கும் திறனைப் பார்த்து வகுப்புப் பிரித்தார். பாடம் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு பாடம் நன்றாகத் தெரிந்த பிறகே அடுத்த பாடம். முந்தியவன் மேல் வகுப்புக்குப் போகலாம். பிந்தியவன் தனக்கு ஏற்ற வகுப்பில் அமரலாம். தெரிந்தவன் தெரியாதவனுக்குத் துணை.

சீமையில் சென்னை முறை

உடல்நலம் கெட்டதால் 1796-இல் பெல் இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டே தம் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வந்தது.

அதே சமயம் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதுபோன்ற பள்ளி நடத்தினார். முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று இரண்டு பக்கமும் பெரிய சண்டை. மணலில் எழுத வைத்த தமிழ் வாத்தியாரோ அந்தச் சண்டையில் இல்லை. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஒரு சங்கம் அமைத்து, பெல் முறையில் பள்ளிகள் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றார்கள்.

முறையில் இருந்த குறை

ஆனால் ஒரு குறையும் தெரிந்தது. சிறுவன் சிறுவனுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். படித்ததன் பொருளை விளக்க அவனால் எவ்வளவு முடியும்? பல பள்ளிகளில் பிள்ளைகள் கிளிபோல ஒப்பித்தார்கள். ஏழைகளுக்கு அதிகப் படிப்பு தேவை இல்லை என்ற எண்ணம் பெல்லுக்கே ஒரு காலத்தில் இருந்தது. நம் திண்ணைப் பள்ளியிலும் மனப்பாடம்தான் மிகுதி. பெண் பிள்ளைகள் அங்கே மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கோ இடமே இல்லை.

1846 முதல் இங்கிலாந்து அரசு வேறு வழியில் சென்றது. வயதில் மூத்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, முறையாக ஆசிரியர் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது.

அதைக் காண பெல் இல்லை. 1832 ஜனவரி 27-ஆம் தேதி அவர் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். தம் பெரும் செல்வத்தைக் கல்விக்கே எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தில் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்று பெயர். அது இன்றும் நடக்கிறது.

அரும்பு, மொட்டு, மலர்

2022-இல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அதில் பிள்ளைகளை அவரவர் திறனுக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும் என்பதே இதிலும் உள்ள கருத்து.

வீட்டிலும் இதைச் செய்யலாம். தங்கை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது அக்காள் பக்கத்தில் உட்காரட்டும். படித்து முடித்ததும், கதையில் யார் வந்தார்கள், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்கட்டும். தங்கை தன் சொந்த வார்த்தையில் பதில் சொன்னால், அவளுக்குப் படிக்க வந்துவிட்டது என்று நம்பலாம்.