மலைகளுக்கு ஜாபிதா எழுதிய மன்றோ

1919-ம் ஆண்டு மார்ச் மாதம் 19-ந் தேதி. பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியில் ரோன் நதிக்கரையில் உள்ள தாரஸ்கோன் என்னும் சிற்றூர். உலக யுத்தம் ஓய்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. போர் வீரர்களுக்கென்று அங்கே ஒரு சிற்றுண்டிச் சாலையை அமைத்து நடத்தி வந்த ஸ்காட்லாந்துக் கனவான் ஒருவரை ஜலதோஷம் பிடித்தது. அது நிமோனியாவாக முற்றி அவர் உயிரையே வாங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 62.

அவருடைய சொந்த நாட்டில் ஒரு மலை அவருக்காகக் காத்திருந்தது. பெரிய மலை அல்ல. ஏறுவதற்குக் கஷ்டமானதும் அல்ல. நூற்றுக்கணக்கான சிகரங்களில் ஏறி முடித்த பிறகு, நிறைவு விழாவாக ஏற வேண்டும் என்று அவரே அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். அந்த விழா நடக்கவே இல்லை.

அவர்தான் ஸர் ஹ்யூ மன்றோ. இன்று ஸ்காட்லாந்தின் வட பகுதியான ஹைலாண்ட்ஸ் என்ற மலைநாட்டில், கூடாரத்தை முதுகில் சுமந்து நாலைந்து நாள் நடக்கத் திட்டமிடுகிறவர்கள் மேஜை மேல் இரண்டு பொருள்களை விரித்து வைக்கிறார்கள். ஒன்று நில அளவைப் படம். மற்றொன்று இந்த மனிதர் எழுதிவைத்த ஜாபிதா. அந்த நாட்டில் 3,000 அடிக்கு மேற்பட்ட தனி மலைக்கு 'மன்றோ' என்றே பெயர் வழங்குகிறது. ஒரு மனிதரின் பெயர் மலைகளுக்கெல்லாம் பொதுப் பெயர் ஆகிவிட்டது!

சென்னை அறிந்த குடும்பம்

மன்றோ என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னை தீவுத் திடல் அருகே, அங்கவடி இல்லாத குதிரைமேல் கம்பீரமாக வீற்றிருக்கும் வெண்கலச் சிலையைப் பார்க்காதவர் சிலரே. அந்தச் சிலைக்கு உரியவர் ஸர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அவருடைய இளைய மகன் காம்ப்பெல். காம்ப்பெலின் மூத்த மகனே மலைகளுக்கு ஜாபிதா எழுதிய ஹ்யூ.

தாத்தாவும் அளவைக்குப் பேர்போனவர்தான். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் சீமையில் நிலங்களை வயல் வயலாக அளந்து வரி விதிக்கும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். ரயத்துவாரி முறை என்றால் அவர் பெயரே நினைவுக்கு வரும். பதவியை ஒப்படைத்துத் தாய்நாடு திரும்ப வேண்டிய சமயத்தில், தமக்குப் பழக்கமான ஜில்லாக்களில் விடைபெற்று வரலாம் என்று ஒரு சுற்றுப்பயணம் கிளம்பினார். 1827-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பத்திகொண்டா என்ற ஊரில் காலரா கண்டு இறந்தார். கடைசிப் பயணத்தை முடிக்காமலே போய்விட்டார். 92 ஆண்டுகளுக்குப் பின் பேரரின் கதையும் ஏறக்குறைய அப்படியே முடிந்தது.

ஓரிடத்தில் நில்லாத இளமை

ஹ்யூ மன்றோ 1856-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி லண்டனில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் மூத்தவர். ஸ்காட்லாந்தில் கிரிமியூர் என்ற ஊருக்கு அருகே உள்ள லிண்டர்டிஸ் பண்ணை அவர்கள் குடும்பச் சொத்து. சிறுவயதிலேயே எதைக் கண்டாலும் சேகரிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. சேகரித்ததை வகைப்படுத்தி வரிசையாக வைப்பதில் பெரும் விருப்பம்.

பதினேழாவது வயதில் ஜெர்மன் மொழி கற்க ஸ்டட்கார்ட் நகருக்கு அனுப்பப்பட்டார். மொழியோடு ஆல்ப்ஸ் மலை மோகமும் அங்கே சேர்ந்துகொண்டது. 1880-ல் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டால் கவர்னர் ஸர் ஜார்ஜ் காலியின் அந்தரங்கக் காரியதரிசியாக இருந்தார். பசூட்டோ யுத்தத்தில் தொண்டர் குதிரைப்படையில் சேர்ந்து போர் முனையையும் பார்த்தார். திரும்பி வந்ததும் அரசியலில் இறங்கி, 1885-ல் கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் கிர்க்கால்டி தொகுதியில் போட்டியிட்டார். ஜெயிக்கும் வாய்ப்பே இல்லாத தொகுதி அது, எதிர்பார்த்தபடியே தோற்றார்.

பிறகு லிண்டர்டிஸ் பண்ணையைக் கவனித்துக்கொண்டு ஊரோடு இருந்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மலைக்குப் போனார்.

எத்தனை மலை என்று யாருக்கும் தெரியாது!

1889 ஜனவரியில் வில்லியம் நேஸ்மித் என்பவர் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஸ்காட்லாந்துக்கென்று ஒரு மலையேற்றச் சங்கம் வேண்டும் என்பது அவர் யோசனை. சில வாரங்களில் சங்கம் பிறந்தது. அதன் ஆரம்ப அங்கத்தினர்களில் மன்றோவும் ஒருவர். பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தார்.

சங்கம் கூடியதும் ஒரு கேள்வி எழுந்தது. நம் நாட்டில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகள் எத்தனை? ஒருவருக்கும் தெரியவில்லை. முப்பது மலைகளைப்போல் இருக்கலாம் என்பதே அன்று பலருடைய எண்ணம். அதைச் சரியாகக் கணக்கெடுத்துச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிடும் பொறுப்பு மன்றோவிடம் வந்து சேர்ந்தது. சேகரிப்பதில் பிறவி விருப்பம் உள்ளவர் கையில் நாட்டின் மலைகளையே கொடுத்துவிட்டார்கள்!

வேலை எளிதாக இல்லை. சர்க்கார் நில அளவைப் படங்களில் பல சிகரங்களுக்கு உயரமே குறிக்கப்படவில்லை. சிலவற்றுக்குப் பெயரும் இல்லை. மன்றோ படங்களை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் பாரமானியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிகரம் சிகரமாக ஏறினார். மலையடிவார மக்களிடம் கெலிக் மொழிப் பெயர்களைக் கேட்டறிந்தார்.

1891 செப்டம்பரில் ஜாபிதா வெளிவந்தது. படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். 3,000 அடியைத் தாண்டிய முனைகள் மொத்தம் 538. அவற்றுள் தனி மலை என்று சொல்லத்தக்கவை 283! எது தனி மலை, எது பக்கத்து மலையின் கிளைமுனை என்பதற்கு அவர் திட்டவட்டமான விதி எதுவும் எழுதிவைக்கவில்லை. அனுபவத்தைக் கொண்டு தீர்மானித்தார். அதனால் எழுந்த வாதம் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஓயவில்லை.

நடந்த விதம்

3,000 அடி ஒரு உயரமா என்று தோன்றலாம். ஆனால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஏற்றம் கடல் மட்டத்திலிருந்தே தொடங்குகிறது. அட்லாண்டிக் சமுத்திரத்துக் காற்றும் மழையும் நேராக வந்து மோதுகின்றன. காலையில் தெளிவாக இருந்த முகடு நண்பகலில் மேகத்துக்குள் மறைந்துவிடும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட இராது.

மன்றோவுக்குக் குளிர்காலமே பிடித்திருந்தது. ஏறிய வழியே இறங்குவதும் அவருக்குப் பிடிக்காது. ஒரு பள்ளத்தாக்கில் புறப்பட்டு, முகட்டின் வழியே மலைத் தொடரைக் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். இரவில் வேட்டைக் காவலர் குடிசையோ ஆட்டிடையர் வீடோ இடம் கொடுக்கும். விடிந்தால் அடுத்த தொடர்.

இதற்கெல்லாம் முன்யோசனை வேண்டும். வெளிச்சம் எத்தனை மணி வரை? எந்த ஆற்றை எங்கே கடப்பது? மேகம் மூடினால் எந்தப் பக்கம் இறங்குவது? அவருடைய நண்பர் நேஸ்மித் 1892-ல் இதற்கென்று ஒரு கணக்கே வகுத்தார். படத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி; ஏற்றத்தில் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேற்கொண்டு ஒரு மணி. பன்னிரண்டு மைல் தூரமும் 4,000 அடி ஏற்றமும் இருந்தால் ஆறு மணி நேரம் ஆகும். இன்றும் மலை நடைக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதுகில் கூடாரமும் உணவும் ஏறினால் நேரத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள்.

அந்நாளில் இன்னொரு தடையும் இருந்தது. மலைநாட்டில் பெரும்பகுதி பிரபுக்களின் மான் வேட்டைக் காடாக இருந்தது. அந்நியர் நடமாட்டத்தை அவர்கள் விரும்பவில்லை. மலைகளில் நடக்கும் உரிமை கோரி ஜேம்ஸ் பிரைஸ் 1884-ல் பார்லிமெண்டில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. மன்றோவும் ஒரு நிலப்பிரபுதான். பிறருடைய வேட்டைக்கு இடையூறு செய்யக் கூடாதென்று அவர் சில மலைகளை இருட்டோடு ஏறி இறங்கியதும் உண்டு.

முந்திக்கொண்ட பாதிரியார்

ஜாபிதா வெளிவந்ததும் அதில் உள்ள மலைகள் அனைத்திலும் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை சிலருக்கு உண்டாயிற்று. 1901-ல் ஏ. ஈ. ராபர்ட்சன் என்ற பாதிரியார் அதைச் சாதித்தார். கடைசிச் சிகரத்தில் அவர் முதலில் அங்கிருந்த கற்குவியலை முத்தமிட்டார் என்றும், அதன் பிறகே உடன் வந்த மனைவியை முத்தமிட்டார் என்றும் சொல்வார்கள்.

எழுதியவருக்கோ இன்னும் முடியவில்லை. குறுக்கே நின்ற முனைகளில் ஒன்று ஸ்கை தீவில் உள்ளது. கூலின் மலைத் தொடரில் கத்தியை நிறுத்தி வைத்ததுபோல் நிற்கும் ஒரு பாறை. ஏற முடியாத முனை என்றே அதற்குப் பெயர். 1880-ல் பில்கிங்டன் சகோதரர்கள் அதில் ஏறிவிட்டார்கள் என்றாலும் பெயர் மாறவில்லை. மன்றோ பலமுறை முயன்றார். ஸ்கை தீவின் மழை விடவில்லை. வழுக்கும் பாறையில் உயிரைப் பணயம் வைக்க அவரும் விரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்.

மற்றொன்று, அவர் கடைசிக்கு ஒதுக்கிய மலை. பிரேமார் ஊருக்கு மேற்கே, கேர்ன்கார்ம் மலைகளில் உள்ளது. 3,000 அடியைச் சற்றே தாண்டும். கெலிக் மொழியில் அதன் பெயருக்குத் திருகைக் கல் மலை என்று பொருள். லிண்டர்டிஸிலிருந்து தூரமும் அதிகமில்லை. எந்தக் கோடையிலும் போய் ஏறியிருக்கலாம்.

ஆனால் ஆண்டுகள் ஓடின. 1902-ல் மனைவி காலமானார். 1913-ல் தந்தையின் பாரனெட் பட்டம் இவரிடம் வந்தது. 1914-ல் யுத்தம் மூண்டது. படையில் சேரும் வயது கடந்துவிட்டதால், மால்டா தீவுக்குப் போய்க் காணாமற்போன வீரர்களைப் பற்றி விசாரிக்கும் செஞ்சிலுவைச் சங்கப் பணியை ஏற்றார். 1918-ல் தாரஸ்கோனுக்குப் போனார். அங்கிருந்து திரும்பவில்லை. ஜாபிதாவுக்கு அவர் எழுதிவைத்திருந்த திருத்தக் குறிப்புகளை நண்பர்கள் சேர்த்து 1921-ல் புதுப் பதிப்பாக வெளியிட்டார்கள்.

இன்றைய யாத்திரிகர்கள்

மலைகளில் நடக்கவும், கூடாரம் அடித்துத் தங்கவும் பொதுமக்களுக்கு உரிமை வழங்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து 2003-ல் இயற்றியது. பிரைஸ் கேட்டு 119 ஆண்டுகளுக்குப் பிறகு! சிறு கூட்டமாகப் போக வேண்டும், ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது, தங்கிய சுவடே தெரியாமல் புறப்பட வேண்டும் என்பவை நடைமுறை விதிகள்.

இப்போது யாத்திரிகர்கள் நொய்டார்ட் போன்ற இடங்களைத் தேடிப் போகிறார்கள். அங்குள்ள இன்வெரீ கிராமத்துக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. படகில் வர வேண்டும். அல்லது மலை கடந்து நடந்து வர வேண்டும். இன்னும் சிலர் பிஷர்பீல்டு காட்டுக்குப் போகிறார்கள். அங்கே மழை பெய்தால் ஆறு ஒரே இரவில் பெருகி வழியை அடைத்துவிடும். ஆகவே திட்டத்தில் ஒரு நாளை உபரியாக வைக்கிறார்கள். ஒரு வேளை உணவையும் கூடுதலாகச் சுமக்கிறார்கள். கோடையில் கொசுவினும் சிறிய கடிபூச்சிகள் மேகம்போல் மொய்க்கும் என்பதால், காற்று வீசும் மேட்டில் கூடாரம் அடிக்கிறார்கள்.

மன்றோவின் ஜாபிதாவும் மாறிக்கொண்டே வருகிறது. பிஷர்பீல்டில் வாள் மலை என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு மலை உண்டு. நவீன கருவிகளால் அளந்தபோது அது 3,000 அடிக்கு ஏறத்தாழ ஒரு முழம் குறைவு என்று தெரிந்தது. 2012-ல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது தனி மலைகள் 282. அனைத்திலும் ஏறி முடித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

திருகைக் கல் மலைக்கு என்ன ஆயிற்று? 1981-ல் ஜாபிதாவைத் திருத்தியபோது அது தனி மலை அல்ல, பக்கத்துப் பெரிய மலையின் கிளைமுனைதான் என்று தீர்மானித்துவிட்டார்கள். மன்றோ ஆசையோடு ஒதுக்கி வைத்த மலை இன்று மன்றோ அல்ல!

ஸ்கை தீவின் பாறையிலிருந்து அவர் திரும்பி வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழையில் திரும்பத் தெரிந்தவர்தான் மறுபடியும் மலைக்குப் போக முடியும். ஆனால் நல்ல வெயில் காலத்தில், வீட்டுக்கு அருகில், எளிதாக ஏறக்கூடிய ஒரு மலை அவருக்குத் தவறிப்போனது. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்ததால் தவறியது. அவருடைய ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள், ஜாபிதாவோடு இந்தக் கதையையும் சேர்த்துப் படிப்பது நல்லது.