டார்ம்ஸ்டாட்டின் நான்காம் லூட்விக்: போர் முடிந்து வீடு திரும்பிய ஒரு தகப்பன்

டார்ம்ஸ்டாட் நகருக்குப் போனவர்களுக்கு லூயிசன்பிளாட்ஸ் தெரியும். ஏறக்குறைய 39 மீற்றர் உயரத் தூணின் உச்சியில் ஒருவர் நிற்பார். அவர் முதலாம் லூட்விக். ட்ராமுக்கு நிற்கும் எங்கள் சனமும் அந்தத் தூணடியைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் சந்திக்க வரச்சொல்லும். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், பழைய கோட்டையின் பக்கமாக, பிரீடன்ஸ்பிளாட்ஸ் வரும். சமாதானச் சதுக்கம் என்று பொருள். அந்தச் சமாதானச் சதுக்கத்தில் படையுடுப்போடு குதிரைமேல் ஒருவர் இருக்கிறார். சிற்பி பிரிட்ஸ் ஷாப்பர் செய்த அந்தச் சிலை 1898 இல் திறக்கப்பட்டது. அவர்தான் நான்காம் லூட்விக், ஹெஸன் நாட்டின் பெருங்கோமகன். அரசருக்கு ஒரு படி கீழான பட்டம் அது.

சிலையைப் பார்த்தால் பெரிய போர்த் தளபதி என்றுதான் தோன்றும். இரண்டு போர்களில் நின்றவர் என்பது உண்மை. ஆனால் அவருடைய வாழ்க்கையை ஆறுதலாக வாசித்தால், குதிரையும் வாளும் அதில் சிறு பகுதிதான் என்று தெரியவரும். மிச்சமெல்லாம் வீடு, பிள்ளைகள், காடு, வேட்டை.

1837 செப்டெம்பர் 12 இல் பெஸ்ஸுங்கனில் பிறந்தார். இன்று அது டார்ம்ஸ்டாட்டின் ஒரு பகுதி, அன்று நகருக்கு வெளியே இருந்த ஊர். ஆட்சியில் இருந்த பெரியப்பா மூன்றாம் லூட்விக்குக்குப் பிள்ளையில்லை. அதனால் ஒருநாள் நாடு தனக்கு வரும் என்று தெரிந்தே வளர்ந்தார். படிப்பில் பெரிய கெட்டிக்காரர் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நல்ல மனிதர், கள்ளமில்லாதவர், வெளிப்படையாகச் சிரிப்பவர் என்றுதான் எழுதினார்கள்.

1860 இல் இங்கிலாந்துக்குப் போனவருக்கு விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகள் ஆலிஸைப் பிடித்துக்கொண்டது. நிச்சயதார்த்தமும் அந்த ஆண்டே நடந்தது. கல்யாணத்துக்கு முன்னர், 1861 டிசெம்பர் 14 இல், ஆலிஸின் தகப்பன் அல்பேர்ட் இறந்துபோனார். 1862 ஜூலை 1 இல் வைட் தீவில் இருந்த ஒஸ்போன் மாளிகையின் சாப்பாட்டு அறையில், துக்க உடுப்போடு கூடியிருந்த உறவினர் நடுவில் தாலியில்லாத அந்தக் கல்யாணம் முடிந்தது. கல்யாண வீடா செத்த வீடா என்று தெரியாத நிலை.

பிறகு ஆலிஸ் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் பெண்கள் பலருக்கு விளங்கும், தாய் நாட்டை விட்டு ஜேர்மனியின் ஒரு சிறு நகருக்கு வந்து இறங்குவது எப்படி என்று. அரச குடும்பம் என்றாலும் கையில் காசு தாராளமாக இருக்கவில்லை. ஆலிஸ் பிள்ளைகளின் உடுப்பைத் தானே தைத்தார். கோடையில் நகருக்கு வெளியே கிரானிக்ஸ்டைன் வேட்டை மாளிகையில் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலேய வீட்டுச் சாப்பாடு. நாங்கள் பாற்சோறு என்று நினைக்கக்கூடிய அரிசிப் புடிங்கும் சுட்ட அப்பிளும் அடிக்கடி மேசைக்கு வரும். லூட்விக்குக்கு இந்த வாழ்க்கை போதும். காலையில் காட்டுக்குள் போய்வருவது, பிள்ளைகளோடு குதிரையேறுவது, மாலையில் எல்லோரும் ஒரே மேசையில் இருப்பது. ஆலிஸுக்கோ புத்தகம், சமயக் கேள்விகள், இசை, தாதியர் பயிற்சி என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. கணவரோடு அதைப் பற்றிப் பேச முடியவில்லையே என்ற குறையை அவர் கடிதத்தில் எழுதியும் இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் நேசித்தார்கள், ஆனால் ஒரே மொழியில் யோசிக்கவில்லை. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

1866 இல் போர் வந்தது. பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் மோதியபோது ஹெஸன் ஒஸ்திரியாவின் பக்கம் நின்றது. லூட்விக் ஹெஸன் குதிரைப்படைப் பிரிவொன்றுக்குப் பொறுப்பாகப் போனார். இதில் ஒரு கொடுமை, ஆலிஸின் அக்கா விக்கி பிரஷ்ய முடிக்குரிய இளவரசரின் மனைவி. அக்காவின் கணவர் ஒரு பக்கம், தங்கையின் கணவர் மறுபக்கம். நிறைமாதக் கர்ப்பிணியான ஆலிஸ், மூத்த பெண்பிள்ளைகள் இருவரையும் பாதுகாப்புக்காக இங்கிலாந்தில் பேத்தியாரிடம் அனுப்பிவிட்டு நகரிலேயே நின்றார். பிள்ளைகளை மட்டும் முதலில் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்ற பெற்றோர் எங்களுக்குள்ளும் எத்தனை பேர். ஜூலை 11 இல் மூன்றாவது மகள் பிறந்தாள். இரண்டு நாள் கழித்து ஃபுரோன்ஹோஃபனில் ஹெஸன் படை பெரும் இழப்போடு தோற்றது. டார்ம்ஸ்டாட்டுக்குள் பிரஷ்யப் படை நுழைந்தது. ஹெஸன் நிலத்தில் ஒரு பகுதியை இழந்து, இழப்பீட்டுப் பணமும் கட்டியது. பிறந்த பிள்ளைக்கு இரீன் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் சமாதானம் என்று பொருள்.

நாலே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழ். 1870 இல் பிரான்சோடு போர் தொடங்கியபோது, நேற்றைய எதிரி பிரஷ்யாவின் படையோடு சேர்ந்து, 25 ஆவது ஹெஸன் டிவிஷனை லூட்விக் நடத்திப் போனார். ஓகஸ்ட் 18 இல் கிராவலோட் சமர். ஜேர்மன் பக்கத்தில் மட்டும் அந்த ஒரே நாளில் இறந்தும் காயப்பட்டும் போனவர்கள் 20,000 அளவில். அதன் பிறகு மெட்ஸ் முற்றுகை, ஓர்லியன்ஸ் பக்கத்துச் சண்டைகள், கடும் பனிக்காலம். அவர் களத்தில் நின்றபோதே, ஒக்டோபர் 7 இல் இரண்டாவது மகன் பிரிட்டி பிறந்தான். டார்ம்ஸ்டாட்டில் ஆலிஸ் காயப்பட்டவர்களைக் கட்டிலுக்குக் கட்டில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். 1867 இல் அவர் தொடங்கிய பெண்கள் சங்கம் பயிற்றுவித்த தாதியர் அந்தப் போரில்தான் உண்மையாகவே தேவைப்பட்டார்கள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் ஆலிஸ். டீபூர்கர் வீதியில் இருக்கும் ஆலிஸ் வைத்தியசாலையின் பெயர் அவருடையது. அது இன்றும் இயங்குகிறது.

போரிலிருந்து உயிரோடு வந்த தகப்பனுக்கு வீட்டுக்குள் இழப்பு காத்திருந்தது. பிரிட்டிக்கு இரத்தம் உறையாத நோய். 1873 மே 29 இல், மூன்று வயது நிரம்பாத அந்தப் பிள்ளை, அண்ணனோடு விளையாடும்போது மாளிகையின் சன்னலால் விழுந்தான். மற்றப் பிள்ளையென்றால் பிழைத்திருக்கக்கூடும். அவனுக்கு உள்ளே கசிந்த இரத்தம் நிற்கவில்லை. அன்றே போய்விட்டான்.

1877 இல் மூன்று மாத இடைவெளியில் லூட்விக்கின் தகப்பனும் பெரியப்பாவும் இறக்க, ஜூன் 13 இல் அவர் பெருங்கோமகன் ஆனார். ஆட்சி செய்த விதம் பற்றி எழுத அதிகமில்லை. பேர்லினின் சொல் ஓங்கியிருந்த காலம் அது.

1878 நவம்பர் தொடக்கத்தில் மூத்த மகள் விக்டோரியாவுக்குத் தொண்டை நோ வந்தது. டிப்தீரியா, நாங்கள் தொண்டைக்கரப்பன் என்போம். சில நாட்களுக்குள் அலிக்ஸ், மேரி, இரீன், மகன் ஏர்ன்ஸ்ட் லூட்விக், கடைசியில் தகப்பனும் படுத்துவிட்டார்கள். எல்லா என்று அழைக்கப்பட்ட எலிசபெத் மட்டும் தப்பி, தகப்பனின் தாயார் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். ஆலிஸ் இரவு பகலாக ஒவ்வொரு கட்டிலாக நின்றார். நவம்பர் 16 இல் கடைக்குட்டி மேரி, நாலு வயது, மூச்சடைத்து இறந்தாள். கணவரும் மற்றப் பிள்ளைகளும் ஆபத்தில் கிடந்ததால் ஆலிஸ் சாவைக் கொஞ்சநாள் பிள்ளைகளுக்கு மறைத்தார். பிறகு மகனுக்குச் சொல்ல வேண்டி வந்தபோது, அழுத பிள்ளையைக் கட்டி முத்தமிட்டதால்தான் நோய் தொற்றியது என்று சொல்லப்படுவதுண்டு. டிசெம்பர் 14 இல், தன் தகப்பன் இறந்த அதே திகதியில், ஆலிஸ் இறந்தார். வயது 35.

இன்று எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்திலேயே இதற்கு ஊசி போட்டுவிடுகிறார்கள். அன்று மருந்தே இல்லை. பேரிங் என்ற மருத்துவர் கண்டுபிடித்த எதிர்மருந்தை பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்து ஹோக்ஸ்ட் தொழிற்சாலை 1894 இல்தான் செய்து விற்கத் தொடங்கியது. டார்ம்ஸ்டாட்டிலிருந்து அந்த இடம் தூரமேயில்லை. காலம்தான் தூரம்.

ஆலிஸ் ஒரு விருப்பம் சொல்லி வைத்திருந்தார். தன் பெட்டியின் மேல் பிறந்த நாட்டுக் கொடியைப் போர்த்த வேண்டும் என்று. பதினாறு ஆண்டுகள் ஹெஸனில் வாழ்ந்து, இங்குள்ளவர்களுக்காகவே உழைத்தவர் கேட்டது அது. ஹெஸன் மக்கள் தவறாக எடுக்கவில்லை. பிரித்தானியக் கொடியோடுதான் அவரை ரோசன்ஹோஹ பூங்காவுக்குக் கொண்டு போனார்கள்.

நோயால் மெலிந்திருந்த லூட்விக்குக்கு அப்போது வயது 41. ஐந்து பிள்ளைகள், மூத்தவளுக்கு 15, இளையவள் அலிக்ஸுக்கு 6. தொற்றுக்குப் பயந்து அலிக்ஸின் விளையாட்டுப் பொருட்கள்கூட எரிக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒஸ்போனுக்கு மாமியாரிடம் போனார். அதன் பிறகு ஆண்டு தவறாமல் அந்தப் பயணம். மகாராணி மருமகனை மகன்போலவே பார்த்தார். பேரப்பிள்ளைகளுக்குத் தாயை வேண்டி, தன் கடைசி மகள் பீட்ரிஸை அவருக்குக் கட்டிவைக்கவும் நினைத்தார். இறந்த மனைவியின் சகோதரியை மணக்க பிரித்தானியச் சட்டம் அன்று இடம் தரவில்லை.

லூட்விக் பிள்ளைகளோடு இருந்தார். வேறு எப்படிச் சொல்வது? அரச குடும்பங்களில் தகப்பனைப் பிள்ளைகள் நேரம் குறித்துச் சந்திக்கும் காலத்தில், இவரோடு அவர்கள் வேட்டைக்கும் வந்தார்கள், நடைக்கும் வந்தார்கள். லாங்கனுக்குப் பக்கத்தில் பாழாய்க் கிடந்த வூல்ஃப்ஸ்கார்டன் வேட்டை மாளிகையை 1879 இலிருந்து திருத்தி எடுத்தார். சுற்றிலும் காடு, நடுவில் பெரிய முற்றம், அரண்மனைச் சடங்கு எதுவுமில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி எங்கெங்கோ போன பிறகும் திரும்பத் திரும்ப வந்த இடம் அதுதான்.

ஒரு தடுமாற்றமும் உண்டு. 1884 இல் மூத்தவள் பட்டன்பேர்க் இளவரசர் லூயியை மணந்தாள். எல்லாவுக்கு ரஷ்யாவில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. வீடு வெறுமையாகப் போகிறது. ஏப்ரல் 30, மகளின் கல்யாணத்துக்கு மகாராணி உட்பட ஐரோப்பாவின் பாதி அரச குடும்பம் டார்ம்ஸ்டாட்டில் கூடியிருந்த அதே மாலை, லூட்விக் இரகசியமாக அலெக்சாண்டிரீன் என்ற விவாகரத்தான பெண்ணைப் பதிவு செய்துகொண்டார். செய்தி வெளியே வந்ததும் பெரிய கலவரம். சில மாதத்தில் அந்தக் கல்யாணம் ரத்தாக்கப்பட்டது. மகாராணியின் சொல்லுக்கு அவரும் பணிந்தார். அந்தப் பெண்ணுக்குச் செய்தது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். அவரைத் தனிமை எவ்வளவு நெருக்கியிருந்தால் அப்படியொரு நாளைத் தெரிந்தெடுத்திருப்பார் என்றும் தோன்றுகிறது. பிறகு அவர் கல்யாணமே செய்யவில்லை.

1888 இல் இரீனும் மணமுடித்துப் போக, கடைசி ஆண்டுகளில் வீட்டுப் பெண்ணாக அலிக்ஸ்தான் தகப்பனோடு இருந்தாள். 1892 மார்ச் 13 இல், 54 ஆவது வயதில், பக்கவாதத்தால் லூட்விக் இறந்தார்.

அவர் காணாதவை பல. அலிக்ஸ் ரஷ்யாவின் கடைசிச் சக்கரவர்த்தினியானாள். மத்தில்டன்ஹோஹ மேட்டில் தங்கக் கூம்போடு நிற்கும் ரஷ்யக் கோயில் அவள் கணவர் கட்டுவித்தது. அவளும் எல்லாவும் 1918 ஜூலையில், ஒரு நாள் இடைவெளியில், புரட்சியாளர்களால் கொல்லப்பட்டார்கள். மகன் ஏர்ன்ஸ்ட் லூட்விக் மத்தில்டன்ஹோஹவில் கலைஞர்களைக் குடியேற்றினார். 2021 இல் அந்த இடம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூத்த மகள் விக்டோரியாவின் கடைசி மகன்தான் மவுண்ட்பேட்டன். இந்தியாவின் கடைசி வைஸ்ராய். அதற்கு முன், 1944 இல், பேராதனைப் பூங்காவில் தலைமையகம் வைத்து தென்கிழக்காசியப் போரை நடத்தியவர். எங்கள் தாத்தாமார் கண்டிப் பக்கம் கண்டிருக்கக்கூடிய அந்த மனிதர் இந்த லூட்விக்கின் பேரன்.

அதே 1944 செப்டெம்பர் 11 இரவு பிரித்தானிய விமானங்கள் டார்ம்ஸ்டாட்டை எரித்தன. ஒரே இரவில் 11,000 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டி விழுந்ததும், மேரியும் ஆலிஸும் இறந்ததும் அந்த நகரின் புதிய மாளிகையில்தான். அதுவும் அன்று எரிந்துபோனது.

ரோசன்ஹோஹ தப்பியது. நகரின் கிழக்கே, சிங்க வாசலுக்கு அப்பால், பெரிய மரங்களுக்கிடையில் குடும்பக் கல்லறை இருக்கிறது. லூட்விக், ஆலிஸ், சின்னவர்கள் இருவர் எல்லோரும் அங்கேதான். சின்ன மகளை அணைத்தபடி ஆலிஸ் படுத்திருப்பதாக ஒரு பளிங்குச் சிற்பமும் உண்டு. பூங்காவுக்குள் போக நுழைவுச்சீட்டு வேண்டாம். ஜூன் மாதம் போனால் ரோஜாத் தோட்டம் பூத்திருக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடவும் இடம் தாராளம்.